கோவிலடிக் கரை: காவிரிப் படுகையிலிருந்து யுத்தத்தை நோக்குதல்



யுத்தம், தீவிரவாதம், சர்வதேசப் பாதுகாப்பு என்னும் மூன்று விஷயங்களைப் பற்றிப் பல்கலைக்கழக மண்டபங்களில் நிகழும் உபந்யாசங்கள் பெரும்பாலும் ஓர் உலகப் படத்தை விரித்துவைத்து, ஹோர்முஸ் ஜலசந்தியிலும் உக்ரேன் சமவெளியிலும் தென்சீனக் கடலிலும் கோலை ஊன்றி, வல்லரசுகளின் உள்ளக்கருத்து இன்னதென்று உரைத்து முடிகின்றன. அவற்றைக் குறைகூற நான் இங்கு வரவில்லை. அந்தக் கோலைச் சற்றே நகர்த்தி, முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்த காவிரி, ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றிவந்து, தன் கிளையாகிய கொள்ளிடத்தை ஏறக்குறையத் தொட்டுவிடும் இடத்துக்கு அருகே, கோவிலடி என்னும் ஊரில் ஊன்றிப் பார்க்கலாம் என்றே விரும்புகிறேன்.

சர்வதேச அரசியல் என்னும் இத்துறையின் பிறப்புக்கே ஓர் அறக்கட்டளைதான் காரணம் என்பது நினைக்கத் தக்கது. முதல் உலக யுத்தம் ஓய்ந்த மறு ஆண்டில், 1919இல், வேல்ஸ் தேசத்துக் கடற்கரைச் சிற்றூராகிய அபெரிஸ்ட்வித்தில் இருந்த கல்லூரியில், டேவிட் டேவிஸ் என்ற செல்வரும் அவருடைய சகோதரியரும் வழங்கிய நிதியைக் கொண்டு, அந்த யுத்தத்தில் மாண்ட மாணவர்களின் நினைவாக, சர்வதேச அரசியலுக்கென்றே உலகின் முதல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. சமாதானத்தின் மார்க்கம் அங்கே கண்டறியப்படும் என்று அவர்கள் நம்பினார்கள். இருபது ஆண்டுகளில் முன்னதினும் கொடிய யுத்தம் வந்து சேர்ந்தது. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. அவர்கள் தம் ஊரில் விழுந்த இழவிலிருந்து உலகத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். நாம் உலகத்திலிருந்து புறப்படுகிறோம். பெரும்பாலும் ஊருக்கு வந்து சேர்வதே இல்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் உள்ள உறவை அறிந்தவர்க்கே கோவிலடியின் முக்கியத்துவம் விளங்கும். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைக் காட்டிலும் தாழ்ந்தது. தீவின் கீழ்க்கோடியில் இரண்டு ஆறுகளும் நெருங்கும்போது, காவிரி நீர் பள்ளத்தை நாடிக் கொள்ளிடத்தில் விழுந்து, ஒரு வயலையும் நனைக்காமல் நேரே கடலுக்கு ஓடிவிடாதபடி காப்பவை கல்லணையும் அதையடுத்த கரைகளுமே. அவை நிற்கும் வரையில் தஞ்சாவூர்ச் சீமை நஞ்சை. உடைந்தால் வானம் பார்த்த பூமி.

கோவிலடியில் அந்தக் கரை 1754இல் உடைக்கப்பட்டது. உடைத்தது வெள்ளமன்று. ஆர்க்காட்டு நவாபு யார் என்னும் வழக்கில் முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் துணைநின்று மூட்டிய யுத்தம், சந்தா சாகிபு மாண்ட பின்னரும் ஓயாமல் திருச்சிராப்பள்ளியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் நீண்டுகொண்டிருந்தது. உதவிக்குக் கூலியாகத் திருச்சிராப்பள்ளியையே தருவதாக முகம்மது அலி சொன்ன வார்த்தை பொய்த்துப்போனதனால், மைசூரார் பிரெஞ்சுப் பக்கம் சேர்ந்திருந்தனர். தஞ்சை மன்னர் பிரதாபசிங்கரை ஆங்கிலேயரிடமிருந்து எவ்வாறு பிரிப்பது என்ற யோசனை அவர்கள் பாளையத்தில் எழுந்தது. தஞ்சைக் கோட்டையை முற்றுகையிடப் பணமும் காலமும் வேண்டும். கோவிலடிக் கரையை வெட்டவோ மண்வெட்டி போதும். வெட்டினார்கள். பின்னர் படைப் பாதுகாப்போடு ஆட்களை அனுப்பி அக்கரையை மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. பாரிசிலும் லண்டனிலும் இருந்த இரண்டு வியாபாரக் கம்பெனிகளின் போட்டியில், ஒரு நவாபுப் பட்டத்தின் பொருட்டு, அந்தப் பட்டத்தோடு எவ்வித சம்பந்தமும் இல்லாத குடியானவனுடைய நாற்றங்கால் ஆயுதமாக்கப்பட்டது என்பதே இதன் சாரம்.

இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலான பின், 2023 ஜூன் 6ஆம் தேதி, உக்ரேனில் நிப்ரோ நதியின் குறுக்கேயிருந்த ககோவ்கா அணை உடைந்து, கீழே ஊர்கள் மூழ்கியதையும், மேலே பாசனக் கால்வாய்கள் வறண்டதையும் செய்தித்தாளில் படித்த நாளில் எனக்கு நினைவுக்கு வந்தது கோவிலடிதான். குடிமக்களின் உணவுக்கு இன்றியமையாத பயிர்களையும் பாசன வேலைகளையும் தாக்கலாகாது என்று 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் உடன்படிக்கை விதிக்கிறது. அணைகளுக்கும் அதில் தனி விதி உண்டு. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்ட நமது தேசம், இந்தக் கூடுதல் உடன்படிக்கையில் இன்றளவும் சேரவில்லை. அதற்கு ராஜதந்திரக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆயினும், கரை வெட்டுவது என்ன செய்யும் என்பதைத் தன் சரித்திரத்திலேயே கண்ட ஒரு பிரதேசத்தின் பல்கலைக்கழகத்தில் இவ்விஷயம் விவாதத்துக்கு வராமலே கிடப்பதை நான் சரியென்று கொள்ள மாட்டேன்.

இச்சீமையின் கடற்கரையை ஒரு கணம் மனத்தில் நிறுத்துங்கள். 1620இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் இறங்கினர். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் பறித்தனர். 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். 1749இல் கொள்ளிட முகத்துவாரத்துத் தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தனர். பிடித்த படையில் ராபர்ட் கிளைவ் என்ற வாலிபனும் இருந்தான். சில நாள் நடையில் கடந்துவிடக்கூடிய ஒரு கரையில் ஐரோப்பாவின் நான்கு கொடிகள். பின்னால் ஒரே நெல்வயல். ஐரோப்பாவில் எந்த இரண்டு கொடிகள் பகைத்தாலும் இந்த வயலில் அதிர்ச்சி உண்டாகாமல் இருக்குமா?

1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, சென்னையைத் தாக்கப் பணமில்லாமல், முன்பு தஞ்சை மன்னர் சந்தா சாகிபுக்கு எழுதிக்கொடுத்து நிலுவையில் நின்ற ஒரு கடன்பத்திரத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, ஐம்பத்தாறு லட்சம் ரூபாய் கேட்டுப் படையோடு தஞ்சாவூர் வந்தார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலைப் புதையலுக்காகத் துழாவி, ஒற்றர் என்று ஐயுற்ற அந்தணர்களைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். தஞ்சைக் கோட்டையைச் சூழ்ந்திருந்த அந்தப் படை ஆகஸ்டு 10ஆம் தேதி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பியதற்கு ஒரு காரணம், மருந்தும் குண்டும் தீர்ந்துவந்தமை. மற்றொரு காரணம், ஒரு வாரத்துக்கு முன், ஆகஸ்டு 3ஆம் தேதி, இக்கடற்கரைக்கு அப்பால் ஆங்கிலக் கடற்படையோடு நடந்த சண்டையில் பிரெஞ்சுக் கப்பல்கள் அடிபட்டுப் போனமை. தஞ்சாவூர் தப்பியது தஞ்சாவூரில் தீர்மானிக்கப்படவில்லை.

பீரங்கியைவிடக் கடன்பத்திரம் நெடுநாள் வாழும் என்பதற்கு அடுத்த அத்தியாயம் சாட்சி. முகம்மது அலி தம் யுத்தங்களுக்காகச் சென்னையிலிருந்த ஆங்கிலேயரிடமே, கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனித்தனியாகவும், வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடு வேண்டுமல்லவா? 1773 செப்டம்பரில் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து நவாபிடம் ஒப்படைத்தது. மன்னர் துளஜா சிறைப்பட்டார். இச்சீமையின் நெல் வருமானம் கடன்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. கம்பெனியின் லண்டன் டைரக்டர்கள் இதை ஒப்பாமல், லார்டு பிகட்டைச் சென்னைக் கவர்னராக அனுப்பி, 1776 ஏப்ரலில் துளஜாவுக்கு ராஜ்யத்தைத் திரும்பக் கொடுக்கச் செய்தபோது, பால் பென்ஃபீல்டு என்னும் சென்னைக் கம்பெனி ஊழியர், நவாபு தமக்கு எழுதிக்கொடுத்த வகையில் தஞ்சையின் விளைச்சல் மீது இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் தமக்குப் பாத்தியதை உண்டென்று விண்ணப்பித்தார். கம்பெனியில் சொற்பச் சம்பளம் வாங்கிய ஒருவர் ஒரு ராஜ்யத்தின் அறுவடையைத் தம்முடையதென்றார். சென்னைக் கவுன்சிலில் பெரும்பான்மையோர் அதை நியாயமென்றனர். மறுத்த கவர்னரையே அவர்கள் ஆகஸ்டு 24ஆம் தேதி கைதுசெய்தார்கள். மறு ஆண்டு மே மாதத்தில் அவர் காவலிலேயே இறந்தார். 1785இல் எட்மண்டு பர்க், ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பார்லிமெண்டில் நிகழ்த்திய பேருரை இதன் தொடர்ச்சியே. அவ்வுரையின் தர்மாவேசம் உண்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய உறவினர் வில்லியம் பர்க், தஞ்சை மன்னரின் லண்டன் ஏஜெண்டாக இருந்தார் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

இனி, நம் பெரியோர் வாயில் 'ஐதர் கலாபம்' என்று இன்றும் வழங்கும் பெருந்துயர். இதையும் உலகப் படத்திலிருந்து பிரிக்க முடியாது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்துக்கு எதிராகக் கிளர்ந்தன. பிரான்ஸ் அவர்களுக்குத் துணை சேர்ந்தது. அவர்களோடு வியாபாரம் செய்த டச்சுக்காரர் மீது 1780 டிசம்பரில் இங்கிலாந்து யுத்தப் பிரகடனம் செய்தது. அதன் பலனாக 1781 நவம்பரில், அமெரிக்கா என்ற பெயரைக் கேட்டும் அறியாத நாகப்பட்டினத்து மக்கள், தம் டச்சுக் கோட்டையை ஆங்கிலத் தளபதி மன்றோவின் படையும் கடற்படைத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிடிக்கக் கண்டார்கள். மறு ஆண்டு ஜூலை 6ஆம் தேதி அதே கரைக்கு எதிரே ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் பொருதினர். சமாதானம் வந்தபோது திரிகோணமலை டச்சுக்காரருக்குத் திரும்பியது. நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது.

கடலில் இவ்வாறிருக்க, 1780இல் ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கிய மைசூர் ஐதர் அலியின் குதிரைப்படை 1781இல் இச்சீமைக்குள் பரவியது. ஆடுமாடுகள் ஓட்டிச்செல்லப்பட்டன, கிராமங்கள் எரிந்தன, பாசன வேலைகள் பாழாயின, ஜனங்கள் கோட்டைக்குள் அடைந்து பட்டினியால் வீதிகளில் விழுந்தனர். 1782 பிப்ரவரியில் கும்பகோணத்தை அடுத்த அன்னக்குடியில் ஆங்கிலக் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படையை ஐதரின் மகன் திப்பு சிறைபிடித்தார். ஐதரையும் திப்புவையும் அந்நியரை எதிர்த்த வீரர்கள் என்று போற்றும் நூல்களை நானும் மதிக்கிறேன். அந்தப் பெருமையில் பொய்யில்லை. ஆனால் ஒரே மனிதன் சரித்திரத்தில் வீரனாகவும் ஒரு வட்டாரத்தின் ஞாபகத்தில் கலாபமாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் மனத்தில் தாங்குவதற்குத் திராணியில்லாதவன் யுத்த சாஸ்திரத்துக்குத் தகுதியுடையவன் அல்லன்.

அப்பஞ்சத்தில் நிகழ்ந்த ஒன்று, பாதுகாப்பு என்பது எதனால் ஆவது என்று எனக்குக் கற்பித்தது. கோட்டைக்கு வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கோட்டைக்குள் கொண்டுவர வண்டிமாடுகள் கிடைக்கவில்லை. முன்னே மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கொடுபடாமையால், மன்னர் கேட்டும், கம்பெனி கேட்டும், ஒருவரும் மாட்டை அவிழ்க்கவில்லை. 1779இல் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஐதரையே கண்டுவந்த ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ், கூலிக்குத் தாம் பொறுப்பு என்று ஆளனுப்பினார். மாடுகள் வந்தன, நெல் வந்தது, பேசிய கூலியும் கொடுக்கப்பட்டது. தஞ்சாவூர்ச் சிவகங்கைக் கோட்டையில் அவர் பெயரால் நிற்கும் கிறிஸ்தவக் கோயிலில், சரபோஜி மன்னர் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். படையும் கஜானாவும் உடைய இரண்டு அரசுகளின் வார்த்தைக்குக் கிடைக்காத மாடு, ஒரு தனிமனிதனின் வார்த்தைக்குக் கிடைத்தது. மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்ட அரசுக்கு முற்றுகைக் காலத்தில் மதில் மட்டுமே மிஞ்சுகிறது.

இவ்வளவு சொல்லி, நாம் எக்காலமும் அடிபட்டவர்களே என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டால் நான் சரித்திரத்துக்குத் துரோகம் செய்தவனாவேன். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், சேரரையும் பாண்டியரையும் வென்று சோழர் கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து செய்தளித்தவை கணக்காகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஈழமண்டலத்து ஊர்கள் அக்கோயிலுக்கு நெல் அளக்க வேண்டுமென்ற ஆணையும் அங்கேயே உண்டு. ஸ்ரீவிஜயத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை நிவந்தமாக அளித்தான். அந்தச் செப்பேடுகள் லெய்டன் நகரத்தை அடைந்து அப்பெயராலேயே பிரசித்தி பெற்றன. தானம் அளித்து இருபது ஆண்டுக்குள், 1025இல், அவன் மகனுடைய கப்பல்கள் அதே ஸ்ரீவிஜயத்தைச் சூறையாடின. பிறருடைய களத்துநெல்லும் ஒரு காலத்தில் இங்கே வந்து குவிந்தது.

வெளியிலிருந்து வந்த யுத்தங்கள் நெற்குவியலைத் தேடி வந்தன என்றால், உள்ளே பிறந்த பலாத்காரம் அக்குவியலைப் பங்கிடுவதில் பிறந்தது. தீவிரவாதம் என்றவுடன் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் சரக்கு என்று நினைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. கிழக்குத் தஞ்சையில் பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாயிருந்த காலத்தில், பி. சீனிவாசராவ் முதலியோர் செங்கொடியின் கீழ் அவர்களைத் திரட்டினர். 1944இல் மன்னார்குடியிலும் 1948இல் மாயூரத்திலும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1952இல் ராஜாஜி மந்திரிசபை, தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் செய்து, குத்தகைதாரருக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கைக் குறைந்தபட்சமாக விதித்தது. பண்ணையாட்களை நினைத்தபோது நீக்க முடியாதென்றும் சொன்னது. கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் விரோதி என்று சொன்ன ஒருவர் இச்சட்டத்தைச் செய்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. சட்டத்தின் வரம்பை, வேலி என்னும் நில அளவின் கணக்கில் வகுத்தார்கள். மிராசுதார்கள் பலர் பண்ணையாளை அன்றாடக் கூலியாக்கி அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள்.

1960இல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டமும், ஆடுதுறையில் பிறந்த ஏ.டி.டி. 27 நெல்லும் விளைச்சலைப் பெருக்கின. குவியல் உயர்ந்தபோது அறுத்தவன் அரைப்படி கூடக் கேட்டான். அந்தக் கூலித் தகராறின் முடிவில் 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில், ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய நாற்பத்து நான்கு பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், உயிரோடு எரிக்கப்பட்டார்கள். விவசாயக் கூலிப் பிரச்சினையை ஆராய்ந்த கணபதியா பிள்ளை கமிஷனும், 1969இல் நியாயக் கூலிச் சட்டமும் அதற்குப் பின்னரே வந்தன. அதே ஆண்டில் மத்திய உள்துறை அமைச்சகமே, பசுமைப் புரட்சிப் பிரதேசங்களின் நிலப் பதற்றத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிற்று: மத்தியப் போலீஸ் படைகளைத் தன் கையில் வைத்திருக்கும் ஓர் அமைச்சகம், கலகத்தின் காரணத்தைக் கூலியிலும் குத்தகையிலும் தேடியது. 1973இல் உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. 1980இல் அவர்களில் முதன்மையானவர் கொல்லப்பட்டார். கொலையை நான் எவ்விதத்திலும் ஆதரிப்பவன் அல்லன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையேயுள்ள தொடர்பைக் காண மறுத்துவிட்டுத் தீவிரவாதத்தைப் பற்றி ஆய்வுரை எழுதுவது வீண் வேலை என்பது என் துணிபு.

இன்றைய நிலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தஞ்சாவூர் நகரத்தின் ஓரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து ஓடுபாதை ஒன்று விரிவாக்கப்பட்டு, 2013இல் விமானப்படைத் தளமாயிற்று. 2020 ஜனவரி 20ஆம் தேதி, பிரமோஸ் ஏவுகணையைத் தாங்கும் சுகோய் விமானங்களின் படைப்பிரிவு அங்கே நிறுவப்பட்டது. இந்து மகாசமுத்திரத்தின் கேந்திரமான கடல்வழிகள் அவற்றின் எட்டுக்குள் இருக்கின்றன. ஆகவே உலகப் படத்தில் தஞ்சாவூர் இப்போது ஒரு புள்ளியாகிவிட்டது. பிற தேசத்தாரின் படத்திலும் அப்படியே ஆகியிருக்கும் என்பதை நாம் உணர வேண்டும். கோடியக்கரைக்கு அப்பால் 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வரைந்த கடலெல்லை, நாகை மீனவருக்கு நாள்தோறும் சர்வதேசப் பிரச்சினையாய் இருக்கிறது. தண்ணீரைப் பற்றியோ, 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்புக்குப் பின் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததை மறந்தவர் இங்கே இருக்க மாட்டார்கள். 2018இல் உச்சநீதிமன்றம், கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய நீரைப் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று அளவிட்டது. ஒரே தேசத்தின் இரு மாநிலங்களுக்கிடையே மண்வெட்டிக்குப் பதிலாக அளவுகோல் வந்திருப்பது பெரிய முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அந்த அளவுகோலை எல்லாரும் மதிப்பார்களா என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு குறுவைக்கும் புதிதாக எழுகிறது.

இப்பல்கலைக்கழகத்து மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். 1781, 1782 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இச்சீமையில் நடந்தது முழுவதையும் எழுத வேண்டுமானால், சரஸ்வதி மகாலைச் சேர்ந்த மோடி எழுத்து ஆவணங்களில் மராத்தியும், சென்னை ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலமும், புதுச்சேரியில் பிரெஞ்சும், ஹேக் நகரத்தில் டச்சும், கோபன்ஹேகனில் டேனிய மொழியும், ஹாலே நகரத்து மிஷன் கடிதங்களில் ஜெர்மனும் படித்தாக வேண்டும். மோடி ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் முன்னமே தமிழாக்கி வெளியிட்டு வழிகாட்டியிருக்கிறது. ஒருவரால் ஆகாத காரியம் இது. ஆறு மாணவர்கள் ஆளுக்கொரு மொழியாக எடுத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் முடியும். கோவிலடிக் கரையைக் கட்டப் போன ஆட்களுக்குக் கூலி எங்கிருந்து கொடுத்தார்கள், யாருடைய நிலம் முதலில் நீர் கண்டது என்பவற்றை அதே மோடிக் கட்டுகளில் ஏழாவது மாணவர் ஒருவர் தேடிப் பார்க்கலாம். அவருக்கு நூலகத்தில் ஒரு மேஜையும், படிக்கச் சொல்லித்தர ஒரு மோடிப் பண்டிதரும் கிடைக்குமாறு துணைவேந்தர் அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுமென்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.